காந்த வேந்தன் கரண்டியிடம் தோற்ற காதை

வாழ்க லோகு! கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றின் காயலான் முற்றத்திலே, வானளாவிய கண்ணாடிக் கூண்டை அரியணையாகக் கொண்டு, வட்ட மின்காந்தமென்னும் சக்கராயுதத்தைத் தொங்கவிட்டு, நசுங்கிய ஆட்டோ, துருவேறிய கட்டில், கைகால் இழந்த மிதிவண்டி முதலிய பகைக்கூட்டத்தை ஒரே இழுப்பில் அள்ளி உலைக்கு இரையாக்கும் மேக்னட் கிரேன் வேந்தன், இரும்பெல்லாம் எழுந்து தொழும் ஏந்தல், பி ஷிப்ட் குலதிலகம் லோகு வாழ்க! அவன் போர் பாடப் புகுந்தோம். நீலக் கோடிரண்டாய்த் தோன்றிச் சாட்சி நிற்கும் வாட்ஸப் தேவி எம் நாவைக் காக்க.

அது கொரோனாவின் இரண்டாம் அலை. தெருவெங்கும் ஆம்புலன்ஸ் முரசறைந்து திரிந்த நாள். அந்நாளில், 'பி ஷிப்ட் சிங்கங்கள்' என்னும் வாட்ஸப் குழுவிலே, எங்கிருந்தோ ஒரு வீடியோ வந்து இறங்கியது. ஊசி போட்ட தோள் ஒன்று. அதன்மேல் ஒட்டி நின்றது ஒரு கரண்டி. ஊசி போட்டால் உடம்பில் காந்தம் ஏறும் என்றது கீழே இருந்த வரி. இதை எதிர்க்க மேலிடம் அனுப்பிய படையோ, 'பெருந்தொற்றுத் தடுப்பு மருந்தேற்பு குறித்தெழும் ஐயப்பாடுகள் தொடர்பான தெளிவுரை' என்னும் பலபக்கப் பெருங்கோப்பு. அதன் தலைப்பைப் படித்த மாவீரர் மூவர். கோப்பைத் திறந்தவர் எவரும் இலர்.

சிங்கங்கள் லோகுவின் பக்கம் திரும்பின. உலைக்களத்து எபினேசர் கேட்டான்: "நைனா, நீதான் மேக்னட்டு மேல குந்திக்கினு கீற. இன்னா சொல்ற?"

அந்தோ! பிறந்த நாள் முதலாக லோகுவிடம் எவரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. கேள்வி அவன் செவியிற் புகுந்து நெஞ்சிலே கிரீடமாய் அமர்ந்தது. தொண்டையைச் செருமினான். பிரகடனம் பிறந்தது.

"கேட்டுக்கோ மச்சி. ஊசி போட்டவன் எவனும் என் கிரேனுக்குக் கீய வரக்கூடாது. மேக்னட்டு தூக்கிக்கினு போயி உலைல போட்டுட்டா கேஸ் என் மேல வரும்."

வில்லிலிருந்து விடுபட்ட கணையெனப் பாய்ந்தது அந்த வாய்ஸ் நோட்டு. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரம் புகுந்து, தெலுங்கு கற்று, எழுத்துருவம் பெற்று, பட்டமும் பெற்று, 'மேக்னட் விஞ்ஞானியின் எச்சரிக்கை' எனத் தமிழ் மண்ணுக்குத் திரும்பி வந்தது. ஆலைக்கு ஆலை ஆண்கள் தோள்களை மூடிக்கொண்டனர்.

ஆனால் உலகை வென்றவன் தன் வாயிற்படியை வெல்லவில்லை. மனைவி கிறிஸ்டினாவுக்கு ஏழாம் மாதம். அடுத்த தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மூச்சுத்திணறி மாண்ட செய்தி கேட்ட நாளிலேயே அவள் தன் ஊசியைப் போட்டுக்கொண்டாள். கணவனுக்குத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"யோவ், ஊசி போட்டுக்கினு வந்தா ஊடு. இல்லனா மாடிப்படிக்குக் கீய படு. ஷிப்ட்டு ஷிப்ட்டா கும்பல்ல நின்னுட்டு வந்து என் புள்ளைக்கு ஊதாத."

மாடிப்படியின் கீழ்க் கொசுச் சேனையோடு பொருது களைத்த வேந்தன், கடைசியில் தூது அனுப்பத் துணிந்தான். தூதும் அவனே. ஜன்னல் கம்பி வழியே செல்பேசியை நீட்டி, கரண்டி வீடியோவைக் காட்டினான்.

"இன்னா கரண்டி இது?" என்றாள் அவள்.

"எவர்சில்வரு."

"உன் மேக்னட்டு எவர்சில்வரத் தூக்குமா?"

இடி விழுந்தது போலிருந்தது. ஏனெனில், மலை மலையாய் இரும்பை அள்ளிய பின்பும் முற்றத்து மண்ணில் அசையாமல் கிடந்து அவன் காந்தத்தைப் பார்த்துப் பளபளவென நகைப்பவை எவர்சில்வர் தட்டுகளும் டம்ளர்களுமே; அவற்றைக் கையால் பொறுக்கவே தனியாக ஆள் உண்டு; கூண்டிலிருந்து நாள்தோறும் அதைக் கண்டவன் லோகு. கண்டான், ஒருநாளும் நினைத்துப் பார்த்தானில்லை.

"அம்மாம் பெரிய மேக்னட்டே உட்டுட்டுப் போற கரண்டிய, ஊசி போட்டவன் தோளு புடிச்சுக்குமா? இந்தா, உன் தோளுல வெச்சிப் பாரு."

கம்பி வழியே கரண்டி வந்தது. உச்சி வெயிலில் ஆறாய் வியர்வை ஓடிய, ஊசியின் நிழலும் படாத தன் தோளிலே அதை வைத்தான். ஒட்டிக்கொண்டது. உதறினான். அப்போதும் ஒட்டியே நின்றது.

"வேர்வைய்யா அது," என்றாள் கிறிஸ்டினா. "உன் மில்லு கேட்டுல இன்னிக்கு ஒரு நாள்தான் ஊசி கேம்ப்பு. இத உட்டா அடுத்தது எப்பன்னு யாருக்குந் தெரியாது. புள்ள பொறந்தாலும் ஜன்னல்லதான் பாப்ப."

முறிந்த வாளோடு எழுந்த லோகு, முதலில் குழுவிலே மறுபிரகடனம் செய்தான்: "நான் சொன்னது தப்பு மச்சி. போயி போட்டுக்கோங்க." எங்கும் பறக்கவில்லை அது. காலொடிந்த காக்கைபோல் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"எவ்ளோ குடுத்தானுங்க நைனா?" என்றான் எபினேசர்.

"பொண்டாட்டி ஊட்ல சேக்கலன்னு கட்சி மாறிட்டாம்பா," என்றான் கிரேன் மெக்கானிக் சின்னராசு.

அந்தக் காந்தக் கதை தன் வாயிலிருந்தே கிளம்பிய பொய் என்று லோகு எழுதினான். உடனே எபினேசர், 'மேக்னட் விஞ்ஞானியின் எச்சரிக்கை'யை அவன்மேல் எறிந்தான். "விஞ்ஞானியே சொல்லிக்கீறாரு. நீ யாருடா?"

தன் கணையே தன் மார்பில் தைக்க நின்ற வேந்தன், இனிச் சொல்லால் ஆவதில்லை எனத் தெளிந்து, பெட்ரோல் குடிக்கும் புரவியின்மேல் பாய்ந்தேறி, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, லாரிகளாகிய யானைப்படையை ஊடறுத்து, ஜிஎன்டி சாலைப் புழுதியையே வெண்கொற்றக்குடையாய்க் கவித்து, பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தையும் தாழிட்ட கதவையும் மாறி மாறி நெஞ்சிலே கண்டவாறு, ஷிப்ட்டு தொடங்குமுன் மில் வாசலை எய்தி, ஊசிக்கு அஞ்சி இரு கண்களையும் இறுக மூடி, இடத்தோளை வேல்போல் முன்னே நீட்டி, "குத்துங்க!" என்று திசையெட்டும் அதிர முழங்கினான்.

ஆள் யாரும் வராததால் கேம்ப்பைக் காலையிலேயே மூடிவிட்டு மருந்துப் பெட்டியோடு பொன்னேரிக்குப் போய்விட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார்.