பார்த்தால் தெரியவில்லையே என்பவர்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் செம்பனைக்கு அடுத்தபடியாகச் செழித்து வளர்வது ஓர் இனம். நட வேண்டாம், உரம் போட வேண்டாம். வெளியே தெரியாத ஒரு நோய் உங்களுக்கு வந்திருக்கிறது என்று நண்பர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், போதும். அந்த மேசையிலேயே முளைத்துவிடும். முதலில் உங்களை உச்சி முதல் பாதம் வரை அளக்கும், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயை ஒரு மடக்கு உறிஞ்சும், பிறகு தீர்ப்புச் சொல்லும்: "பார்க்க நல்லாத்தானே இருக்கே?"

இவர்கள் கெட்டவர்களா? ஐயோ, கெட்டவர்களாக இருந்தால் கதவைச் சாத்திவிடலாமே! அன்பானவர்கள். அதுதான் தொல்லை.

எங்கள் வசந்தனையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்டிக்சன் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் என்னோடும் ரோகினியோடும் படித்தவன். இப்போது நீலாயில் லோரி ஓட்டுகிறான். மருத்துவம் படித்தது வாட்சாப்பில். ரோகினிக்கு லூப்பஸ் வந்து மூன்று வருடம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். காலையில் பொத்தான் போட விரல் மடங்காது, வெயில் பட்டால் ஒரு வாரம் படுக்கை. ஆனால் மாத்திரையில் உப்பி, நோயில் சிவந்த அந்தக் கன்னங்களைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் என்றுதான் நினைப்பீர்கள்.

ஒருநாள் தெமியாங் சாலையோர ஒட்டுக்கடையில் எங்களிடம் மனம்விட்டுப் பேச வந்தாள்.

"எந்திரிக்கவே முடியலடா வசந்தா. பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் முடியுதா? லோரி ஓட்டிப் பாரு, முதுகு விண்ணுன்னு தெறிக்கும்."

"இது அந்த அசதி இல்லடா."

"கன்னம் தளதளன்னு இருக்கு, சீக்குன்னா எவன் நம்புவான்? எல்லாம் யோசனைலா. கருஞ்சீரகத்த ஊற வச்சு..."

கருஞ்சீரகத்தில் தொடங்கி, ரெம்பாவில் ஒருவர் காய்ச்சும் எண்ணெய், சோற்றை விட்டதால் பிழைத்த மச்சான், விடியற்காலையில் ஓடி ஓடியே சர்க்கரையை விரட்டிய சூப்பர்வைசர் என்று ஒரு மணி நேரம் பொழிந்தான். ரோகினி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நானா? தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இத்தோடு விட்டானா? ஊர் மாறிப் போனாலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வந்துவிடுவோம் அல்லவா, அதற்கு அவள் பேரில் பால்குடம் நேர்ந்துகொண்டான். அவளைக் கேட்டானா? அடுத்தவருக்காக நேர்ந்துகொள்ள யார் சம்மதம் கேட்கிறார்கள்! பாவம், அவளோடு சேர்ந்து தானும் விரதம் இருப்பதாக வேறு சொல்லி, இருந்தும் காட்டினான். குடத்தைச் சுமந்துகொண்டு அவள் ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை, செருப்பில்லாமல், பதினொரு மணி வெயிலில் தார்ரோட்டில் நடக்க வேண்டும்.

திருவிழாவன்று ரோகினி குடையோடு வந்து இறங்கினாள். வசந்தன் குடத்தை நீட்டினான்.

"டாக்டர் வெயிலே ஆகாதுன்னுட்டாருடா."

"ஆத்தாவ விட டாக்டர் பெரிய ஆளா? உனக்காகத்தானே நேர்ந்தேன்!"

சுற்றி நின்றவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். "கொழுப்பு" என்று ஒரு குரல் கேட்டது. ரோகினியின் கண் கலங்கிவிட்டது. குடத்தை வாங்கினாள்; அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்; அதை அவன் தலையிலேயே ஏற்றினாள்.

"நேர்ந்தது நீ. நீயே தூக்குடா."

தூக்கினான். கோயில் வாசலுக்கு வந்தபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம். அடடா, கண்ணுக்குத் தெரிகிற கொப்புளம்! ஊரே உச்சுக்கொட்டியது. ஒருவர் விசிறினார், ஒருவர் மருந்து தடவினார், கோயில் தலைவர் திருநாவுக்கரசு தன் நாற்காலியையே கொடுத்தார். ஒருவராவது கருஞ்சீரகம் சாப்பிடச் சொன்னார்களா?

அதன்பிறகு ரோகினியை எப்போது கேட்டாலும் "சுகமா இருக்கேன்லா" என்றுதான் பதில். "பாத்தியா, நான் தூக்குன பால்குடம்!" என்று வசந்தன் இன்றும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறான். போன மாதம் அவள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம்; கிட்னிவரை போய்விட்டதாம். அவள் தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும். நாற்பது வருடப் பழக்கம், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. உடனே போன் போட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

"பார்லி தண்ணி குடி ரோகினி, கிட்னிக்கு ரொம்ப நல்லது," என்று வந்துவிட்டது.

"சரிலா, குடிக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் லூப்பஸ் என்று படித்த இடத்திலேயே உங்கள் நாக்கு நுனியில் ஒரு கஷாயம் வந்து நின்றதே, அதை முதலில் நீங்கள் விழுங்குங்கள்.