ஸ்டெல்லாக்காவுக்கு நான் செலுத்திய மௌன அஞ்சலி

உயிரோடு இருந்த ஒருவருக்கு மைக்கைப் பிடித்து அஞ்சலி செலுத்தியவன் நான். சொல்லிவிட்டேன், இனி மனம் லேசு.

கன்னிவாடிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்ததும், டவுன் பஸ் வந்ததும், பெண்கள் பெயரில் வீட்டுமனைப் பட்டா கிடைத்ததும் ஸ்டெல்லாக்காவின் போராட்டத்தால்தான். நான் திருப்பூரில் வேலைக்குப் போய் ஊரை மறந்திருந்த நேரத்தில், மச்சான் அந்தோணி போன் செய்தான்.

"மாப்ள, ஸ்டெல்லாக்கா ஊருக்குச் செஞ்சதையெல்லாம் நெனச்சுப் பாத்து ஒரு கூட்டம் போடுறோம். நீதேன் பேசணும்."

எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவரை யாரும் புகழ்ந்து நான் பார்த்ததில்லை. ஆகவே, அக்கா போய்விட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். (ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளா நான்?)

செம்பட்டியில் பஸ் மாறி, தாமதமாக வந்து, நேரே மேடை ஏறினேன். அக்காவின் பெரிய படத்துக்கு யாரோ ஆர்வக்கோளாறில் மாலை வேறு போட்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்து, "நம்மைத் தவிக்க விட்டுப் போன அக்காவுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்று சொல்லிக் கண்ணை மூடினேன்.

மைக்கில் யார் சொன்னாலும் எழுந்துவிடுகிற நல்ல சனம். நாற்காலிகள் நகர்ந்தன. அப்புறம் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம்.

கண்ணைத் திறந்தால், பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், கைகூப்பித் தலைகுனிந்து ஸ்டெல்லாக்காவும் நின்றுகொண்டிருந்தார்.

"செத்தது யாரு புள்ள?" என்று அவர் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது, அந்த அமைதியில் மேடை வரைக்கும் கேட்டது.

"நீங்கதேன்க்கா."

மைக் ஸ்டாண்டு என்னைவிட ஒல்லி. பின்னால் ஒளியவும் வழியில்லை.

அக்கா நிதானமாக மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார். "யாரும் உக்காராதீங்க. தம்பி சொன்னபடி நான் செத்துட்டேன்னே வச்சுக்குவோம். என்னைய எந்த வழியாத் தூக்கிட்டுப் போவீங்க? கல்லறைக்குப் போற பாதையில முழங்கால் சேறு. அம்புட்டு மனு குடுத்தும் அசையல. நின்னது நின்னீங்க, அப்படியே பஞ்சாயத்து ஆபீசு வரைக்கும் நடங்க."

கூட்டம் கிளம்பியது. படத்தை என் கையில் கொடுத்து முன்னால் நடக்கவிட்டார்.

"மாலையக் கழட்டிரவாக்கா?"

"கெடக்கட்டும். அப்பத்தேன் பயப்படுவாங்க."

அடுத்த மழைக்குள் சிமெண்ட் பாதை வந்துவிட்டது. ஊருக்குப் போனால் முதலில் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்பது இன்றுவரை என் அம்மாவின் கட்டளை. என் தலையைக் கண்டதும் அக்கா மணிக்கட்டை நீட்டுவார்.

"மொதல்ல நாடியப் பாத்துக்கப்பு. பெறகு பேசலாம்."