பல் டாக்டர் பின்சுவர் பூசிய காதை

வாழ்க, முப்பத்திரண்டு பற்களின் முறையீட்டையும் ஒற்றைத் தட்டில் கேட்டறியும் நுண்செவியாள்! வாழ்க, கடைவாய்க் குகைக்குள் விரலளவுக் கண்ணாடியோடு புகுந்து, சொத்தை என்னும் கொடும்பகையை அடிவேரோடு சுரண்டியெடுக்கும் சூரப்பெண்! தெருமுனைக் கிளினிக்கின் சுழல்நாற்காலிக்கு அரசி, வீட்டில் ஒரு மாமியாருக்கு மருமகள். அவள் குளியலறைப் பின்சுவரோடு பொருத ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லக் கேளுங்கள்.

போருக்குக் காரணம் என்னவோ உள்ளங்கையளவுதான். மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் காரை பெயர்ந்து, உள்ளே செங்கல் பல்லிளித்தது. கணவன் கொத்தனாரிடம் சொல்லி வைத்திருந்தான். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மாமியார் அந்த நேரம் பார்த்துத் தன் மகளுக்குப் போன் போட்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்:

"நம்ம டாக்டரம்மாவா? பல்லைத் தவிர அவளுக்கு ஒண்ணும் தெரியாதுடி. பாவம், ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஆள் கூப்பிடணும்."

கூர்தீட்டிய கணையெனப் பாய்ந்த அச்சொல், துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளின் விலாவில் தைத்தது. பாதி மடித்த போர்வை அப்படியே கிடக்க, அவள் கைபேசியை எடுத்து, முரசறைந்தது போல் கொத்தனாருக்கு அறிவித்தாள்: "அண்ணே, நீங்க வர வேண்டாம். நானே பூசிக்கிறேன்."

இனி இரண்டே வழி. மாமியார் வாயாலேயே 'கைகாரி' என்ற பட்டம் பெறுவது; இல்லையேல் 'பல்லைத் தவிர' என்ற பட்டத்தை ஆயுள் முழுக்கச் சுமப்பது.

விடிந்தது ஞாயிறு. கிளினிக் கையுறையே கவசமாக, முகமூடியே முகக்காப்பாக, பழைய நைட்டியே போர்க்கோலமாகப் புறப்பட்டாள் வீராங்கனை. சிமெண்ட் சட்டி ஏந்திய கணவன் தேர்ப்பாகனாய்ப் பின்தொடர்ந்தான். சுத்தியல் காம்பால் சுவரைத் தட்டினாள். 'டொக்' என்றது. உள்ளே பொள்ளல். உளி எழுந்தது, காரை உதிர்ந்தது. பக்கத்தில் தட்டினாள். அங்கும் 'டொக்'. உள்ளங்கை ஓட்டை தாம்பாளமாயிற்று, தாம்பாளம் விரித்த செய்தித்தாளாயிற்று, செய்தித்தாள் ஒரு கதவின் உயரத்துக்கு வளர்ந்தது.

"போதும்மா. ஓட்டையை அடைக்கத்தானே வந்தோம்?" என்றான் பாகன்.

"சொத்தையை உள்ள வச்சு மூடச் சொல்றீங்களா?"

"இது செவுரும்மா."

"சொத்தைன்னா சொத்தைதாங்க. சட்டியை நகத்துங்க."

பெயர்த்த இடத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி போக்கினாள். அடுத்துச் செய்ததுதான் இக்காதையின் உச்சம். ஈரமிருக்கும் குழியில் எதை அடைத்தாலும் நிற்காது என்பது அவள் கல்லூரியில் கற்று, இருபது வருடம் காத்து, எச்சில் ஊறிய எத்தனையோ வாய்களில் பஞ்சு திணித்து நிலைநாட்டிய விதி. அவ்விதி வழுவாதிருக்க, படுக்கையறையிலிருந்து நீள ஒயர் இழுத்து, தலைமுடி காயவைக்கும் மிஷினைச் செருகி, ஊழிக்காற்றென வெப்பம் உமிழும் அதன் வாயைச் செங்கல் செங்கலாகக் காட்டி, முன்தினத் தூறலின் கடைசித் துளியும் ஆவியாகுமட்டும், கை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் நின்றாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர் துணியை மறந்து நின்றார்.

பிறகு கலவை. ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல், வேண்டிய தண்ணீர். கரண்டியால் அள்ளி அறைந்தாள். அறைந்ததை இழுத்தாள், இழுத்ததை வழித்தாள். இரண்டு விரல் கனத்துக்கு ஒரே மூச்சில் அப்பி, மட்டப்பலகையால் தேய்த்து, பீங்கான் பல்லுக்கு மெருகேற்றும் பொறுமையோடு வழவழப்பாக்கினாள். ஏற வந்த எறும்புகூட வழுக்கி விழுந்திருக்கும்.

வந்தார் மாமியார். மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், குனிந்து பக்கவாட்டிலும் பார்த்தார். பாகன் சட்டியைக் கீழே வைத்தான்.

"அட," என்றார் மாமியார். "பரவாயில்லையே. நல்ல கைகா…"

அந்நேரம் சுவரின் வயிறு மெல்ல முன்னே தள்ளியது. மேலோரத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு ஓடியது. தோற்ற படையின் கொடிபோலப் பூச்சு முழுவதும் ஒரேயடியாய் மடிந்து, 'தொப்'பென்று மூவர் காலடியிலும் விழுந்தது.

மாமியார் செருப்பிலிருந்த சிமெண்டை உதறினார்.

"எனக்கு நீ அடைச்ச பல்லு அஞ்சு வருஷமா கல்லு மாதிரி நிக்குது கண்ணு. இந்தச் செவுத்துக்குத்தான் உன் அருமை தெரியல."

"கேலி பண்றீங்களா அத்தை?"

"பாதி கேலி. போய்க் கையைக் கழுவிட்டு அந்த ஆளுக்குப் போன் போடு."

போட்டாள்.

"செவுத்துக்குத் தண்ணி அடிச்சீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார் கொத்தனார்.

"இல்லண்ணே. நல்லா காயவச்சேன்."

"வெயில்லயா?"

"முடி காயவைக்கிற மிஷின்ல."

மறுமுனையில் அவர் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது.

"காஞ்ச செங்கல்லு கலவையில இருக்குற தண்ணியெல்லாம் குடிச்சிடும்மா. அப்புறம் அது எதைப் புடிச்சு நிக்கும்? முதல்லயே நனைக்கணும். பூசின பிறகும் ஏழு நாளைக்கு நனைக்கணும்."

செவ்வாய்க்கிழமை கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஏழு நாள், காலையும் மாலையும், டாக்டரம்மாதான் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.