அண்ணன் கல்யாணத்தில் நான் போட்ட கேசட்

சில முட்டாள்தனங்களைப் படித்தவர்களால் மட்டுமே செய்ய முடியும். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்பதால் அந்தத் தகுதி வீட்டில் எனக்கு மட்டுமே இருந்தது.

தருமபுரி விடுதியில் அறைத்தோழி ஷாகிரா பெங்களூரிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தாள். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. எலெக்ட்ரானிக் கீபோர்டு மட்டும் கனமாக, மெதுவாக நாலு சுரங்களையே சுற்றிச் சுற்றி வரும். பின்னால் மழைச் சத்தம். ஆளில்லாத பெரிய கோட்டைக்குள் விளக்கோடு தனியே நடப்பதுபோல் இருக்கும். ஆறு பேர் படுக்கும் அறையில் எனக்கென்று அத்தனை மண்டபங்கள்! (ஒன்றையும் நான் கூட்டிப் பெருக்க வேண்டியதில்லை.)

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே அண்ணனுக்குக் கல்யாணம். நான் படிக்கட்டும் என்று தன் படிப்பை விட்டு ஏர் பிடித்தவன் அவன். மொரப்பூரிலிருந்து பெண்ணின் வேன் வரும் நேரம் பார்த்து மைக்செட்காரரிடம் போனேன்.

"குத்துப்பாட்ட நிறுத்துங்கண்ணா. இதப் போடுங்க, தரமான இசை."

"பாட்டே வரலியேம்மா?"

"வராது. அதான் தரம்."

புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் என் கோட்டை எழும்பியது. பெரிய தலைவர் யாராவது இறந்தால் ரேடியோவில் நாளெல்லாம் போடும் சோக இசையும் இப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வேன் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பெண்ணை அழைக்கப் போயிருந்த எங்கள் அத்தை குதித்து இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ அண்ணா, கல்யாணத்தப் பாக்காமப் போயிட்டியே!"

வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். "எங்க போனன்? இங்கதான இருக்கறன்!"

அதற்குள் வேன் பின்னோக்கி நகர்ந்தது. "சாவு வூட்டுல எங்க பொண்ண எறக்க மாட்டம்!" என்று ஜன்னல் வழியே கத்தினார் பெண்ணின் மாமா. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் துரத்த, "அது இசைங்க! இசைங்க!" என்று நான் பின்னால் ஓடினேன். என் பெருமைக்காக அவன் வாழ்க்கை ரிவர்ஸ் கியரில் போய்க்கொண்டிருந்தது.

சட்டென்று வேன் நின்றது. கதவைத் திறந்து மணப்பெண்ணே இறங்கினாள்.

"செத்த வூட்டு மாப்பிள்ள இப்படி ஓடியாருவாருங்களா மாமா? பேசாம எறங்குங்க." பிறகு என்னிடம், "நல்லாத்தாங்க இருக்குது, மழ பேயற மாதிரி. ஆனா இப்ப வேண்டாங்க" என்றாள்.

 மறுநாள் தாலி ஏறும்வரை நான் மைக்செட் பக்கமே போகவில்லை.

இன்றும் அண்ணனோடு சண்டை வந்தால் அண்ணி விடாமல் சொல்வது ஒன்றுதான்:

"அன்னிக்கே உங்க தங்கச்சி மைக்செட்டு வெச்சு ஊருக்கே கேக்கற மாதிரி எச்சரிச்சுது. நாந்தான் கேக்காம எறங்கிட்டன்!"