பெண் கேட்கப் போன மலிவு வேன்

விமான டிக்கெட்டை மலிவாக வாங்கியவன் அதோடு நிறுத்திக்கொண்டால் அவனுக்கு ஒரு குறையும் வராது. நான் நிறுத்தவில்லை. அதனால்தான் இன்றுவரை சுங்கை லாலாங் பக்கம் என்னால் தலைநிமிர்ந்து கார் ஓட்ட முடியவில்லை.

அப்போது நான் ஜொகூர் பாருவில், ஒரு தமிழ் நாளிதழின் தென்பகுதிச் செய்திகளைத் திருத்தும் துணையாசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். புவனா அதே ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தாள். நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். முடிவு செய்யாதவர் ஒருவர்தான்: வடக்கே கெடாவில், சுங்கை லாலாங்கில் இருந்த அவளுடைய அப்பா.

அவருக்கு என் சாதகம், நிறம், உயரம் எதிலும் ஆட்சேபம் இல்லை. என் வேலையில்தான் ஆட்சேபம். தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்ற அவர் போனில் மகளிடம் கேட்ட கேள்வி எனக்கும் கேட்டது.

"பேப்பரா? இப்ப யாரும்மா பேப்பர் படிக்கிறா? எல்லாம் போன்லயே பாத்துக்குறானுங்க. நாளைக்கு அந்தப் பேப்பர மூடிட்டா இவரு என்ன செய்வாரு?"

கடைசியில் ஒரு சலுகை கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால் தட்டோடு வந்து கேட்கட்டும். ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பிடிக்கவில்லை என்றால் தட்டு திரும்பிவிடும். வேறு பேச்சு இல்லை.

போகிறவர்கள் நான், அம்மா, தாய்மாமா. ஜொகூரில் மளிகைக் கடை வைத்திருந்த மாமா எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியதாக வரலாறு கிடையாது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்று அம்மா சொன்னார். நான்காவது டிக்கெட்டா என்று நான் பதறியபோது மாமாதான் வழி சொன்னார். ஒரு கூழாங்கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அது நான்காவது ஆளாம். (கல்லுக்கு இருக்கைக் கட்டணம் இல்லை, நான் உடனே ஒப்புக்கொண்டேன்.)

டிக்கெட் வாங்கி முடித்ததும் விமான நிறுவனத்தின் பக்கமே 'கார் வேண்டுமா?' என்று கேட்டது. ஏமாளிதான் இங்கேயே 'ஆம்' என்று அழுத்துவான் என்று சிரித்துக்கொண்டேன். அதன் பிறகு பல நாள்கள் நான் வேறு எந்த வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. வாடகைக் கார்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் பக்கங்களை அலுவலகக் கணினியில் ஒருமுறை, என் போனில் ஒருமுறை, அம்மாவின் போனில் ஒருமுறை பார்த்தேன். ஒரே காரை அடிக்கடி பார்த்தால் நமக்கு அது தேவை என்று தெரிந்துகொண்டு விலையை ஏற்றிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் நடுநடுவே குடை விலை பார்த்தேன். ஆர்வமில்லாதவன்போல் நடித்தேன். (யாரிடம் நடித்தேன் என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை.)

கடைசியில் கிடைத்தது. பினாங்கு விமான நிலையத்துக்கு 'அருகில்', சிறிய வெள்ளைக் கார், மற்ற எல்லாரையும்விடப் பாதி வாடகை. முழுப் பணமும் உடனே கட்ட வேண்டும், திருப்பித் தரமாட்டார்கள். படத்துக்குக் கீழே வெளிறிய சிறு எழுத்தில், 'படம் மாதிரிக்கு மட்டும்; வாகனம் மாறலாம்' என்று இருந்தது. அடுத்தவன் கட்டுரையில் ஒற்று மிகுந்தால் சிவப்பு மையில் சுழிக்கிற நான் அந்த வரியைப் படிக்கவில்லை. விலையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பினாங்கில் இறங்கியதும் 'அருகில்' என்பதன் நீளம் தெரிந்தது. கார் கழுவும் ஒரு கடையைத் தாண்டி, ஒரு காலி மனையில் சாவிக் கொத்தோடு ஒருவர் நின்றிருந்தார். பக்கத்தில் காரைக் காணோம். ஒரு பழைய வேன் இருந்தது.

"பாஸ், அந்தச் சின்ன காடிய நேத்து ஒருத்தன் மோதிட்டான் லா. நீங்க கவலப்படாதீங்க. உங்களுக்கு வேன் தர்றேன். பெருசு. அதே வாடகதான்!"

"பாத்தியா, அதே காசுக்குப் பெரிய வண்டி" என்று மாமா என் முதுகில் தட்டினார். நானும் பெருமையோடுதான் ஏறினேன்.

பின்னால் ஒரே ஒரு இருக்கை. மிச்சமெல்லாம் காலி இடம். அம்மா தட்டுகளோடு அதில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு வாசனை அடித்தது. எனக்கு மிகவும் பழக்கமான வாசனை. எங்கள் அலுவலகக் கிடங்கின் வாசனை. கூர்ந்து கவனிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், அந்த வாசனை ஒரு வாடகை வேனில் ஏன் அடிக்கிறது என்று யோசிக்கவில்லை.

பாலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையில் வடக்கே ஓட்டிச் சுங்கை பட்டாணியில் வெளியேறினோம். சுங்கச் சாவடியை அடுத்த வேகத்தடை மேட்டில் வண்டி தூக்கிப் போட்டது. உடனே எங்கோ மிக அருகில் ஒரு ஆண் குரல் முழங்கியது.

"சூராட் காபார் லாமா... பெசி பூரோக்... பேத்தரி லாமா..."

மலேசியாவில் வாழ்கிறவருக்கு இந்தக் குரலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழைய பேப்பர், பழைய இரும்பு, பழைய பேட்டரி வாங்குகிறவரின் ஒலிபெருக்கி. மதியத் தூக்கத்தைக் கலைப்பதற்கென்றே பதிவு செய்த குரல்.

"எவன்டா அவன், நம்ம பின்னாடியே வர்றான்?" என்று மாமா திரும்பிப் பார்த்தார்.

நான் வேகம் கூட்டினேன். குரலும் விடாமல் வந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். யாரும் முந்தவில்லை. அடுத்த மேட்டில் வண்டி குதித்ததும் குரல் அடங்கியது.

"தொலைஞ்சான்" என்றார் மாமா.

பாசாரில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு சுங்கை லாலாங் சாலையில் திரும்பினோம். ஒரு பள்ளம். மறுபடியும் அதே குரல். இந்த முறை முன்னாலும் பின்னாலும் செம்பனைத் தோப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். முன்பக்கக் கம்பித் தட்டிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு ஒலிபெருக்கி, என் முகத்துக்கு நேராக, "சூராட் காபார் லாமா" என்றது.

வேன்காரருக்குப் போன் போட்டேன்.

"ஓ, அதுவா பாஸ். எங்க அண்ணன் வேன் லா. ஞாயித்துக்கிழம அவருக்கு லீவு. ஒயர் கொஞ்சம் லூசு. ஏதாச்சும் ரோட்டு மேட்டுல, பம்ப்ல, ஏத்துங்க, நின்னுரும்."

"அடுத்த பம்ப் வந்தா?"

"திரும்ப வரும்."

"அப்புறம்?"

"அதுக்கு அடுத்த பம்ப்ல நின்னுரும் பாஸ்." மிகப் பொறுமையாகச் சொன்னார்.

இஞ்சினை நிறுத்தினாலும் பயனில்லையாம். அதற்குத் தனி பேட்டரி. ஒயர் எங்கே போகிறது என்பது அண்ணனுக்குத்தான் தெரியும். அண்ணன் லீவு நாளில் போன் எடுக்கமாட்டார்.

"வேற வாடகக் கார் கூப்புடுடா" என்றார் அம்மா. வேறு எவனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் நான் பணம் கட்டியவன். கட்டிய பணத்துக்கு வண்டியை ஓட்டாமல் விடுவது எனக்குத் தோல்வியாகப் பட்டது. தவிர, இது கணக்குத்தானே? ஒரு மேட்டில் சத்தம், அடுத்த மேட்டில் அமைதி. இரட்டைப்படையில் போய் நின்றால் போதும். சாலைப் பள்ளத்தில் ஒருமுறை ஏற்றி அமைதியாக்கிவிட்டுப் புவனாவுக்குப் போன் போட்டேன்.

"உங்க தாமான் நுழைவுலேர்ந்து வீட்டுக்கு எத்தன பம்ப் இருக்கு?"

"என்னாது?"

"பம்ப். ரோட்டுல."

"நாலு. ஏன்?"

"சும்மா. அம்மாவுக்கு இடுப்பு வலி."

நாலு. இரட்டைப்படை. எனக்கு உயிர் வந்தது. தாமான் என்கிற அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தோம். மாமா முன்னிருக்கையில் விமானம் இறக்குகிறவர்போல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஆன்... ஆஃப்... ஆன்... ஆஃப். போடு! முடிஞ்சிருச்சி!"

அப்போதுதான் ஐந்தாவது மேடு வந்தது. புவனாவின் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. தன் வீட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டை யாரும் எண்ணுவதில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

"சூராட் காபார் லாமா!"

நான் நிற்காமல் தாண்டிப் போனேன். தெருக்கோடியில் திருப்பிக்கொண்டு வந்து அதே மேட்டில் ஏற்றினேன். நிற்கவில்லை. மெதுவாக ஏற்றியதால் இருக்கும் என்று மறுபடி போய் வேகமாக வந்தேன். மேட்டில் முன் சக்கரம் நிறுத்தியது, பின் சக்கரம் தொடங்கி வைத்தது. பின்னால் தட்டுகள் உருளும் சத்தத்துக்கு நடுவே அம்மா முருகனைக் கூப்பிட்டார்.

இப்படித் தெருவை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தால் தெரு சும்மா இருக்குமா? இவன் நம்மிடம் வாங்காமல் போகமாட்டான் என்று அது முடிவு கட்டியது. நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு அக்கா வண்டிக்கு முன்னால் கையை நீட்டி மறித்தார்.

"அண்ணே, எத்தன தடவ கூப்புடுறது? காது கேக்காதா? ஊருக்கே கேக்குற மாதிரி போட்டுருக்கீங்க, அதான் உங்களுக்குக் கேக்கல!" என்றபடி கதவை இழுத்துத் திறந்து, ஒரு கட்டுப் பேப்பரையும் உடைந்த மின்விசிறியையும் அம்மாவின் காலடியில், பழத்தட்டுக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் நடுவில் போட்டார்.

மாமாவின் கை தானாகவே நீண்டது. கட்டைத் தூக்கிப் பார்த்தார். "மூணு கிலோ வரும்மா."

"ஐயோ, அஞ்சு கிலோ!"

"ஈரமா இருக்கு. தண்ணிக்கெல்லாம் காசு குடுக்க முடியாது."

"மாமா!" என்றேன்.

"நீ சும்மா இருடா. வெலன்னா வெலதான்."

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு இரும்புக் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதற்காக உடுத்தியிருந்த புவனாவின் அப்பா, இரண்டு கையிலும் இரண்டு கட்டுப் பேப்பரோடு என்னை நோக்கி வந்தார்.

"இந்தா தம்பி, சட்டுனு எடுத்துக்கிட்டுப் போ. வீட்டுக்கு ஆளு வர்ற நேரம். இதெல்லாம் வாசல்ல கெடந்தா நல்லா இருக்காது."

நான் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? கட்டின் மேல் இருந்தது எங்கள் நாளிதழ். முதல் பக்கத்தில் நான் வெகுநேரம் யோசித்து வைத்த தலைப்பு. கட்டு முழுவதும் எங்கள் நாளிதழ்தான். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நல்லா இருக்குதுங்களே" என்று என் வாய் சொன்னது.

"புதுசு மாதிரிதான் இருக்கும். பிரிச்சாத்தானே பழசாவும்? மக சந்தா கட்டி அனுப்ப வச்சிருக்கா. எவன் படிக்கிறான்!"

நான் பையில் கைவிட்டு, கிடைத்த நோட்டை அப்படியே அவரிடம் நீட்டினேன். அவர் கண்களைச் சுருக்கினார். "என்னய்யா, வெலயே பேசாம குடுக்குற? இந்தத் தொழிலுக்குப் புதுசா?"

"புதுசுதாங்க" என்று மாமா குறுக்கே வந்து, நோட்டை அவர் விரலிலிருந்து மெல்ல உருவி, அதில் கால்வாசிக்குச் சில்லறையை வைத்தார். "இவன் இப்படித்தான் கெட்டுப்போறான். கிலோவுக்கு இதுதாங்க கணக்கு."

"இது அநியாயம்."

"இரும்பு இருந்தா குடுங்க, சேத்துப் போட்டுத் தர்றேன்."

இருவரும் விலை பேசிக்கொண்டிருந்தபோது பட்டுச்சேலையில் புவனா வாசலுக்கு வந்தாள். வேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள்.

"அப்பா... அவருதான்பா."

"எவரு?"

"பேப்பர்ல வேல செய்றவரு."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். மின்விசிறிக்குப் பக்கத்தில் தேங்காய்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கும்பிட்டார். ஒலிபெருக்கி மட்டும் தொடர்ந்து பேசியது. "பெசி பூரோக்... பேத்தரி லாமா..."

மாமாதான் சுதாரித்தார். கைகூப்பி, "வணக்கம் சம்பந்தி. ஆனா நான் சொன்னது நியாயமான வெலதான்" என்றார்.

உள்ளே போனோம். தட்டுகளை வைத்தோம். ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. என் மானத்துக்குத்தான் இல்லை. தேநீர் வந்தது. அம்மா பெண் கேட்டார். "ஒங்க மகள எங்க வீட்டுக்கு..." என்று அவர் தொடங்க, வெளியே "சூராட் காபார் லாமா" என்றது. மறுபடி தொடங்கினார், மறுபடி சொன்னது. புவனாவின் அப்பா குனிந்த தலை நிமிராமல் இருந்தார். கோபம் என்று நினைத்தேன். நான் விமான டிக்கெட்டையும் சிறு எழுத்தையும் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வெளியே பேட்டரி தளரத் தொடங்கியிருந்தது. குரல் இழுத்து இழுத்து, கனத்து, கடைசியில் நோயாளியின் முனகல்போல் "பெ... சி..." என்று அணைந்தது. அந்த அமைதியில் அவர் தலை நிமிர்ந்தார். கண்களில் நீர். சிரிப்பை அடக்கியதால் வந்த நீர்.

"இவரு பேப்பர் ஓடலன்னா என்னா செய்வாருன்னுதான் இத்தன நாளா யோசிச்சேன்" என்று அம்மாவிடம் சொன்னார். "புதுசு விக்கலன்னா பழச வாங்கிப் பொழச்சுக்குவாரு. மாமா வேற கூட இருக்காரு. எனக்கு அந்தப் பயம் போச்சு. தட்ட எடுத்துக்கலாம்மா புவனா."

திரும்பிப் போய் வேனை ஒப்படைத்தபோது வேன்காரர் பின்கதவைத் திறந்து கட்டுகளைப் பார்த்தார். "பாஸ், எங்க அண்ணனே ஞாயித்துக்கிழமையில இவ்ளோ எடுத்ததில்ல லா. அடுத்த வாரம் ஃப்ரீயா இருப்பீங்களா?" என்றார்.

எங்கள் கல்யாணத்தில் புவனாவின் சித்தப்பா மகன் ஒலிபெருக்கியில் அந்தப் பதிவைப் போட்டுத்தான் என்னை மேடைக்கு அழைத்தான். சுங்கை லாலாங்கில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'பேப்பர் லாமா மாப்ள' என்றால்தான் தெரியும். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. சென்ற ஆண்டு எங்கள் நிர்வாகம் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இனி இணையத்தில் மட்டும். பாதிப் பேருக்கு வேலை இல்லை. அந்தப் பாதியில் நானும் ஒருவன். நானும் புவனாவும் அடுத்த மாத வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மாமனாரின் போன் வந்தது. ஆறுதல் சொல்லப்போகிறார் என்று புவனா அதைச் சத்தமாக வைத்தாள்.

"கேள்விப்பட்டேன் மாப்ள" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அந்த வேன்காரன் நம்பர் இருக்கா?"