நான் புள்ளி போட்ட உதைபந்தாட்ட அணி

உதைபந்தாட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு ஆடவும் தெரியும் என்று நம்புவது ஒரு வியாதி. எனக்கு அது சிட்னியில், கல்லூரி இரண்டாம் ஆண்டில் முற்றியது.

கல்லூரி அணியில் நான் இடப்பக்கத்துப் பின்வரிசைக்காரன். (என் பக்கம் பந்து வராத நாட்களில் நன்றாகவே ஆடுவேன்.) பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது பயிற்சியாளர் டேவ் என்னைக் கூப்பிட்டார். அவர் புதிதாக வந்தவர். எங்களில் யாரையும் சரியாகத் தெரியாது. யாரிடம் என்ன பலம் இருக்கிறது, யாரை எங்கே நிறுத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். நான் கணக்கியல் படிக்கிறவன், அட்டவணை போடுவேன் என்பதுதான் காரணம். நானோ அதை என் ஆட்ட அறிவுக்குக் கிடைத்த பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் பதினொரு பக்கமானது. பலத்தைக் கேட்டவருக்குப் பலவீனத்தையும் இனாமாகச் சேர்த்தேன். ஆளாளுக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டேன். முன்வரிசைக்காரன் ஒருவனைப் பற்றி, 'வலக்காலால் கோல் அடிப்பார். இடக்காலை நிற்பதற்கு மட்டும் வைத்திருக்கிறார்' என்று எழுதினேன். எனக்கு நானே எட்டரை போட்டு, 'பிறவித் தலைவர்' என்று குறித்தேன். (ஒன்பது போட்டிருப்பேன். அடக்கம் தடுத்துவிட்டது.)

கோல் காப்பாளன் ஜூட்டுக்கு நாலு.

ஜூட்டின் குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது. பென்டில் ஹில்லில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பயிற்சி நாட்களில் தன் காரில் என்னை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவன் அவன்தான். முன் இருக்கையில் எப்போதும் ஒரு மஞ்சள் வேலைச்சட்டை கிடக்கும். அதைத் தூக்கிப் பின்னால் எறிந்துவிட்டு ஏறி உட்காருவேன். அப்படிப்பட்டவனைப் பற்றி எழுதினேன்: 'பாதுகாப்பான கைகள். ஆனால் சோம்பேறி. பயிற்சியில் கொட்டாவி விடுகிறார். முதல் ஆட்டத்துக்கு முன் மாற்றுவது நல்லது.' அவனுடைய இடத்துக்கு நெட்டையன் ஒருவனைச் சிபாரிசு செய்தேன். அவனுக்கு ஒன்பது, முழுக்க உயரத்துக்காக.

டேவ் நல்ல மனிதர். பதினொரு பக்கத்தைக் கண்டு மகிழ்ந்தார், வாசிக்கவில்லை. பலங்களைப் பற்றியதுதானே, எல்லோரும் படித்து உற்சாகப்படட்டும் என்று பிரதி எடுத்து, பிளாக்டவுன் மைதானத்தில் அணிக்காக வைத்த பார்பிக்யூவில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். அந்த நேரம் நான் பாணுக்குள் வைத்த சொசேஜை ஒரு கடி கடித்திருந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த முன்வரிசைக்காரன் என் எட்டரையைக் கண்டுபிடித்து உரக்க வாசித்தான். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்து தப்பிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். ஜூட் சிரிக்கவில்லை. தாள்களை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

அன்றும் அவன்தான் என்னை வீட்டுக்குக் கொண்டுபோனான். (பஸ்ஸில் போயிருக்கலாம். வெட்கம் இருந்திருந்தால் போயிருப்பேன்.) எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபிறகுதான் வாயைத் திறந்தான்.

"நான் விடிய நாலு மணிக்கு செவன் ஹில்ஸிலை வேலைக்குப் போறனான். பெட்டி ஏத்திற வேலை. அதை முடிச்சுப்போட்டுத்தான் வகுப்பு, பிறகு பயிற்சி."

"எனக்குத் தெரியாதடா."

"நீ கேக்கேல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

அடுத்த பயிற்சிக்கு அவன் வரவில்லை. வேலையும் படிப்புமே போதும் என்று டேவிடம் சொல்லிவிட்டானாம். முதல் ஆட்டத்தில் நெட்டையன் நின்றான். பந்து நேரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வான் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஏழு கோல் வாங்கினோம். அதில் நான்கு என் பக்கத்தால் வந்தவை. டேவ் என்னைத் திட்டவில்லை. இடைவேளையில் தண்ணீர்ப் போத்தலை என் கையில் தந்து, மைதான ஓரத்து வாங்கில் போய் இருக்கச் சொன்னார்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்க ஜூட் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா கதவைத் திறந்தார். மகன் நித்திரை என்று சொல்லி, குசினிக்குள் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார்.

"தம்பி நல்லா எழுதுவீங்களாம். ஜூட் சொன்னவன்" என்றார். "எழுப்பிவிடட்டே?"

"வேண்டாம் அன்ரி, படுக்கட்டும்" என்றேன்.

பிறகு வரலாம் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை. ஜூட்டும் அணிக்குத் திரும்பவில்லை. தெருவில் கண்டால் காருக்குள் இருந்து கை காட்டுவான். நானும் காட்டுவேன்.

இப்போது என் மகள் சனிக்கிழமைகளில் பந்தாடுகிறாள். பிள்ளைகளைத் தெரிவுசெய்ய உதவ முடியுமா என்று அவளுடைய பயிற்சியாளர் கேட்டபோது, என் மனைவி முந்திக்கொண்டு, இவர் இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டித் தருவார் என்று சொல்லிவிட்டாள். மூன்று பருவமாக வெட்டுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி எட்டரைக் கதையை எடுப்பாள். சொசேஜை விழுங்க முடியாமல் நின்ற என் முகத்தை மகள் நடித்துக் காட்டுவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மனைவிக்கும் மகளுக்கும் அந்தக் கதையைச் சொன்னவன் நான்தான். சிரிக்கக்கூடிய பாதியை மட்டும் சொன்னேன். அதில் ஜூட் என்று ஒருவன் இல்லை.