சதுக்கத்துக்கு உயிர் வந்த வரலாறு

செத்த இடத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் உலகில் இரண்டே பேர். ஒருவர் கடவுள். இன்னொருவர் நகராட்சியின் தலைமை வடிவமைப்பாளர். கடவுள் தீர்மானம் நிறைவேற்றாமல் வேலையை ஆரம்பித்தார் என்பது மட்டுமே வித்தியாசம்.

பழைய நகரின் மணிக்கூண்டுச் சதுக்கம் செத்துவிட்டதைக் கண்டுபிடித்தவரும் இந்த வடிவமைப்பாளரே. ஆய்வு முறைப்படி நடந்தது. அங்கே கடை போட்டிருந்தவர்கள் ‘ஆக்கிரமிப்பு’. அவர்களிடம் வந்தவர்கள் ‘இடையூறு’. இரண்டையும் கழித்தார்கள். மிச்சம்: புறா பதினொன்று, மனிதர் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தில் தையல்கார அக்காவும் இருந்தார். பத்தொன்பது வருஷமாக மணிக்கூண்டின் கீழே மெஷின் போட்டு, ஊர்க் கிழிசலையெல்லாம் மூடி, இரண்டு பெண்களைப் படிக்கவைத்தவர். அந்த இடம் போனால் பிழைப்பு போயிற்று. அதனால் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். சுவரில், சதுக்கத்துக்கு உயிர் கொடுக்க வரப்போகும் புதுக் கட்டடத்தின் படம். கீழே கடைகள், நடுவில் நூலகம், மேலே அரங்கம், மாடிக்கு மாடி சிரித்த முகங்கள்.

“இதுல என் மெஷின் எங்க சார்?”

“நீங்கதாம்மா இந்தத் திட்டத்தோட இதயம்” என்றார் வடிவமைப்பாளர்.

“சரி சார். இதயம் எந்த மாடில?”

“அதை அடுத்த கூட்டத்துல பேசுவோம்.”

அடுத்த கூட்டத்துக்குள் மெஷினைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு அழுகை முட்டியது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பின் சந்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இடம் பிடித்தார். செருப்புத் தைப்பவரும் சாவிக்காரரும் பின்னாலேயே வந்தார்கள். இடையூறுகளும் வந்து சேர்ந்தன.

கட்டடம் எழுந்தது. அடடா, என்ன கம்பீரம்! தரை அழுக்காகும் என்று மழைக்கு ஒதுங்கத் தடை. அமைதி கெடும் என்று அரங்கத்தில் பேசத் தடை. காவலாளிகள் மூன்று பேர் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிப் பொழுதைப் போக்கினார்கள்.

இந்த நிலையில், கட்டடத்தைப் பார்வையிடப் ‘உயிருள்ள பொது இடம்’ பரிசுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. வடிவமைப்பாளர் வேர்க்க விறுவிறுக்கச் சந்துக்குள் ஓடினார். கூட்டத்தில் இடித்துப் பிடித்துத்தான் அக்காவை அடைய முடிந்தது.

“அக்கா, நல்ல சேதி! கீழ்த்தளத்துல உங்களுக்கு இடம். நாளைக்கே வந்துடுங்க.”

அக்காவின் முகம் மலர்ந்தது. “நிஜமாவா தம்பி? அவசரத் துணி நிறைய இருக்கு. அங்கேயே வச்சுத் தச்சுடறேன்.”

“ஐயையோ, தைக்கக் கூடாதுக்கா! நூல் விழும், சத்தம் கேக்கும். தைக்கிற மாதிரி சும்மா உக்காருங்க. குழு போனதும் நீங்களும் கிளம்பிடலாம்.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“உயிரோட இருக்கற மாதிரி நடிக்கணும், அவ்வளவுதானே சார்? அது எங்களுக்கு வராது. உங்க ஆபீஸ்ல பழகின ஆளுங்க நிறைய இருப்பாங்க, கூட்டிட்டுப் போங்க.”